அம்மாவின் கூறை

சில வாரங்களுக்கு முன்னர் கனடாவிலிருந்து நண்பரின் மகள் தொலைபேசியில் அழைத்தாள். "மாமா, அம்மாவின் கூறையையே நானும் உடுக்க விரும்புகிறேன். பழையதைக் கட்டக்கூடாது என்று சொந்தக்காரர் மறிக்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?"

உடனே பதில் சொல்ல இயலவில்லை.

யாழ்ப்பாணத்துத் திருமணத்தில் கூறையைக் கொண்டுவருபவர்கள் மாப்பிள்ளை வீட்டார். தாலியுடன் அது தட்டில் வைக்கப்பட்டுச் சபையோரிடம் கொண்டுசெல்லப்படும். பெரியோர் தொட்டு ஆசீர்வதிப்பர். வேறொரு சேலையுடன் மணவறைக்கு வந்த மணமகள், எழுந்து சென்று கூறையுடுத்துத் திரும்பிய பின்னரே தாலி ஏறும். மயிலாடுதுறையிலுள்ள கூறைநாடு இச்சேலை நெசவுக்குப் பேர்போனது. இன்று பெரும்பாலும் காஞ்சிபுரப் பட்டே கூறையாகிறது.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமமே தென்மராட்சியை நோக்கி நடந்தபோது, அம்மா காணி உறுதிகளோடு தமது கூறையையும் எடுத்துக்கொண்டார். சுமங்கலியாக இறக்கும் பெண்ணுக்குக் கூறை உடுத்துவது எங்கள் வழக்கம். தமக்கும் அதையே உடுத்திவிடவேண்டும் என்பது அவரது விருப்பம்.

கொடிகாமத்தில் நாங்கள் தங்கியிருந்த பாடசாலையில் ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. கூறை வாங்க வழியில்லை. அம்மா தம்முடையதை மாப்பிள்ளையின் தாயாரிடம் கொடுத்தார். அவர் அதைத் தட்டில் வைத்து, இடம்பெயர்ந்திருந்த எங்கள் ஒவ்வொருவரிடமும் கொண்டுவந்தார். தொட்டு வாழ்த்தினோம். அந்தச் சேலை திரும்பி வரவில்லை. அம்மா கேட்கவுமில்லை. எனக்குத்தான் உள்ளூரக் கோபம்.

2003இல், அப்பாவுக்கு முன்னரே அம்மா மறைந்தார். புதுப்பட்டொன்று வாங்கி உடுத்திவிட்டோம். அதைத் தொட்டு வாழ்த்திய சபை ஏதுமில்லை.

இங்கிலாந்தின் விக்டோரியா மகாராணி 1840இல் வெள்ளையுடுத்தி மணம்புரிந்த பின்னரே அந்நிறம் அங்கு மணப்பெண்களுக்குரியதாகப் பரவியது. அதற்கு முன்னர் சாதாரண மக்கள் தம்மிடமிருந்த நல்ல உடையையே, எந்த நிறமாயினும், அணிந்தனர். 1901இல் அவர் தமது திருமண முகத்திரையுடனேயே அடக்கம் செய்யப்பட்டார். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அம்மாவின் நினைவு வரும்.

மறுநாள் நானே அவளை அழைத்தேன். "பிள்ளை, அந்தக் கூறையை மாப்பிள்ளை வீட்டாரிடம் கொடுத்துவிடு. அவர்கள் தட்டில் வைத்துக் கொண்டுவரட்டும். சபையோர் தொட்டு வாழ்த்தினால் அது உன்னுடைய கூறைதான்" என்றேன்.

ஆவணியில் கல்யாணம். போவதாக இருக்கிறேன்.