நச்சுக் களையும் நாமும்

கல்லூரியை விட்டு நீங்கினோர் இம் மலருக்கு எழுதும் கட்டுரைகள் பெரும்பாலும் தாம் கண்ட நாடுகளையும் வகித்த பதவிகளையும் பற்றியனவாக இருத்தல் வழக்கம். எமக்கு அத்தகைய பேறு வாய்க்கவில்லை. கொங்கு நாட்டில் எம் தந்தையார் விட்டுச் சென்ற இரண்டரை ஏக்கர் செம்மண் நிலமும் ஒரு கிணறுமே யாம் கண்ட உலகம். அந்நிலத்தில் ஒரு செடியோடு மூன்று ஆண்டுகள் போராடினோம். அப்போராட்டத்தில் யாம் செய்த பிழையையும், அதனால் பிறர் ஒருவர் அடைந்த துன்பத்தையும், பின்னர் யாம் கற்றவற்றையும் நம் கல்லூரி அன்பர்களுக்கு உரைக்க விரும்புகின்றோம். தம் வெற்றியைக் கூறுதல் யாவர்க்கும் எளிது. தம் தவற்றைக் கூறுதல் அரிது. ஆயினும் கேட்போர்க்குப் பயன் மிகுவது பின்னதே என்பது எம் கருத்து.

தந்தையார் காலமான பின் நான்கு ஆண்டுகள் அந்நிலம் உழுவாரின்றிக் கிடந்தது. யாம் நகரத்து உத்தியோகத்தை விட்டு ஊர் திரும்பியது ஓர் ஆவணித் திங்கள். வரப்பின்மேல் நின்று நோக்கியபோது நிலம் முழுவதையும் வெண்பூ போர்த்திருந்தது. தொலைவில் நின்று காண்போர்க்குக் கொத்தமல்லி பூத்தாற்போலத் தோன்றும். அருகில் சென்ற பின்னரே அது பார்த்தீனியம் என்று தெளிந்தோம். இடுப்பளவு உயர்ந்து, பல கிளைகள் விட்டு, கிளைதோறும் சிறு சிறு பூக்கள் நிறைந்து நின்றது. அதன் அடியில் மாடு மேயத் தக்க புல் ஒரு பிடியும் இல்லை.

இச்செடி நம் நாட்டுக்கு உரியதன்று. மெக்சிகோ முதலிய அமெரிக்க வெப்ப நிலங்களே இதன் தாயகம். 1950-களின் நடுவில் புனே நகரின் அருகே இது பெருகியிருத்தலைத் தாவர நூல் வல்லார் கண்டு எழுதினர். அயல்நாட்டுக் கோதுமையோடு கலந்து வந்தது என்று பலரும் கூறுவர். எவ்வாறு வந்ததாயினும், அதன் பின் சில பத்தாண்டுகளுக்குள் நாடெங்கும் பரவிவிட்டது. முளைத்த நான்கு முதல் எட்டு வாரங்களுக்குள் பூக்கத் தொடங்கும். நன்கு வளர்ந்த ஒரு செடி 15,000-க்கு மேற்பட்ட விதைகளையும் ஈனவல்லது. அவ்விதைகள் காற்றிலும் வாய்க்கால் நீரிலும் செல்லும். வண்டிச் சக்கரத்துச் சேற்றிலும் கால்நடைகளின் குளம்பிலும் ஒட்டிக்கொண்டு ஊர்விட்டு ஊர் போகும். மண்ணுள் புதைந்தவை ஆண்டுகள் சில உயிரோடு கிடந்து, ஈரம் கண்டவுடன் பருவம் பாராது முளைக்கும். இதன் உடலில் பார்த்தெனின் என்னும் நச்சுப் பொருள் உண்டு. வேரினின்றும் அழுகும் இலையினின்றும் கசிவன அருகிலுள்ள பயிர் விதைகளை முளைக்கவொட்டா. கால்நடை தின்றால் வாய் புண்ணாகும், பால் கசக்கும். மனிதருள் சிலர்க்குத் தோல் தடித்து அரிக்கும். வேறு சிலர்க்கு மகரந்தத்தால் தும்மலும் மூச்சிளைப்பும் உண்டாகும்.

உரக்கடைக்குச் சென்று வினவினோம். களைக்கொல்லி தெளித்தால் பத்து நாளில் கருகிவிடும் என்றார் கடைக்காரர். எம் கிணற்று நீரையே யாமும் எம் பசுவும் பருகுகின்றோம். வரப்பின் அப்புறத்தில் அண்டை நிலத்தாரின் கீரைப் பாத்தி உள்ளது. ஆதலின் எம் மனம் அதற்கு இசையவில்லை. சமையல் உப்பைக் கரைத்துத் தெளிக்கலாம் என்றார் நண்பர் ஒருவர். சாலையோரத்துக்கும் வெற்றிடத்துக்கும் சொல்லப்படும் முறைதான் அது. ஆயினும் உப்பு மண்ணில் தங்குவது. பயிர் செய்ய வேண்டிய நிலத்தில் அதனைக் கொட்டுதல், எலிக்கு அஞ்சி வீட்டைக் கொளுத்துதல் போலாம். எனவே இரண்டையும் விடுத்துக் கையால் களைவதென்று துணிந்தோம். அத்துணிவில் சிறிது செருக்கும் கலந்திருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. வாயிற்படலின்மேல் “நஞ்சில்லாத் தோட்டம்” என்று ஒரு பலகையில் எழுதி மாட்டினோம்.

எம் தந்தையார் காலந்தொட்டு எம் நிலத்தில் களை வெட்டி வந்த அம்மையார் ஒருவர் உளர். உறவினர் அல்லரெனினும் சிறு வயது முதல் அவரை ‘அக்கா’ என்றே அழைத்து வருகின்றோம். அவரும் வேறு மூன்று பெண்மணிகளும் பன்னிரண்டு நாள் பாடுபட்டு அச்செடிகளைப் பிடுங்கினர். செடிகள் பூத்துக் குலுங்கிய காலம் அது. பிடுங்கியவர்கள் வெறுங்கையால் பிடுங்கினர். முந்தானையால் வியர்வையைத் துடைத்தனர். அதே முந்தானையை விரித்து நிழலில் படுத்தனர். யாம் கைக்குக் கூலி கொடுத்தோம். கைக்கு உறை கொடுத்தோமில்லை. அச்செடியின் தன்மையை நூலில் படித்து அறிந்திருந்தவர் அங்கு யாம் ஒருவரே என்பதை எண்ணும்போது இன்றும் நாணம் மிகுகின்றது.

பிடுங்கிய செடிகளை யாது செய்வது? வீணாக்கலாகாது என்று கருதி, பூவோடும் காயோடும் எருக்குழியில் தள்ளிச் சாணம் தெளித்து மூடினோம். ஆறு திங்கள் கழித்து அவ்வெருவை அள்ளிக் கத்தரிக்கும் மிளகாய்க்கும் இட்டோம். முதல் மழை பெய்த மறுவாரம் பாத்திகளைக் கண்டு திகைத்தோம். எரு இட்ட இடமெல்லாம், நாற்று நட்டாற்போல் வரிசை பிசகாமல், பார்த்தீனியம் முளைத்திருந்தது. பகைவனைச் சிறைப்படுத்தியதாக எண்ணி, அவனுக்கு ஆறு திங்கள் விருந்திட்டுப் படையோடு திருப்பி அழைத்து வந்திருந்தோம்!

அப்பிழை நிலத்தோடு போயிற்று. மற்றொன்று அவ்வாறு போகவில்லை. அந்த ஆண்டு கோடையில் அக்காவின் இமைகளும் கழுத்தும் முழங்கை மடிப்புகளும் தடித்துக் கறுத்தன. முதலில் வேர்க்குரு என்று எண்ணி மஞ்சள் பூசிக்கொண்டார். பின்னர் இரவில் உறக்கம் கெட்டது. அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். தோல் மருத்துவர் இரண்டே வினாக்களில் காரணத்தை அறிந்துகொண்டார். ஒருவர் உடல் இந்நஞ்சோடு ஒவ்வாமை கொண்டுவிட்டால், பின்னர்ச் சிறிது பட்டாலும் நோய் மீளும் என்றும், காற்றில் வரும் துகளே அதற்குப் போதும் என்றும், வெயிலில் அது மிகும் என்றும் கூறினார். “இனி அச்செடி உள்ள இடத்துக்குப் போகலாகாது” என்பது அவர் கட்டளை.

அச்செடி இல்லாத இடம் எம் ஊரில் எங்கே உளது? களை வெட்டியே வாழ்ந்தவர்க்கு அக்கட்டளை, ‘இனி வேலைக்குப் போகலாகாது’ என்பதே ஆயிற்று. திரும்பி வரும் வழியில் அக்கா நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. எம் படலருகே வந்ததும் பலகையை நிமிர்ந்து நோக்கினார். “நஞ்சில்லாத் தோட்டம்னு எழுதி வெச்சீங்களே தம்பி, அந்த நஞ்சு எங்கையில வந்து சேந்துக்கிச்சுங்களே” என்றார். அவர் குரலில் சினம் இல்லை. இருந்திருந்தால் எமக்குச் சிறிது ஆறுதலாக இருந்திருக்கும். அன்று மாலையே பலகையைக் கழற்றினோம்.

நிற்க. மருந்தைக் கைவிடுதல் நல்லதே என்னும் எம் எண்ணம் இதனால் மாறவில்லை. ஆனால் மருந்து செய்யும் வேலையை யாரேனும் ஒருவர் உடல் செய்தாக வேண்டும் என்பதை யாம் கணக்கில் கொள்ளவில்லை. அவ்வுடல் வருந்தாத வகையில் களைவது எங்ஙனம் என்று ஆராயத் தொடங்கினோம். அதன்பின் கற்றவற்றைச் சுருங்கக் கூறுவோம்.

முதலாவது, காலம். பூத்த பின் பிடுங்குவது விதையைத் தூவுவதற்கு ஒப்பாகும். மழை பெய்து மண் நெகிழ்ந்திருக்கும் காலையில், நான்கைந்து இலைகளோடு தரையில் படிந்திருக்கும் இளஞ்செடியை வேரோடு எடுத்தல் வேண்டும். மேலே அறுத்துவிட்டால் அடியினின்று மீண்டும் துளிர்க்கும். மூன்று வாரத்துக்கு ஒருமுறை நிலத்தைச் சுற்றி வருவதை வழக்கமாக்கிக்கொண்டோம். இளஞ்செடியைச் சிறு களைக்கொத்தால் நெம்பி எடுத்தால் கை அதனைத் தொடவும் வேண்டுவதில்லை. பிடுங்குவோர்க்குக் கையுறையும், முழுக்கைச் சட்டையும், மூக்கை மறைக்கத் துணியும் உண்டு. வேலை முடிந்ததும் குளியலும், உடைகளைத் தனியே துவைத்தலும் உண்டு. ஒருமுறை அரிப்புக் கண்டவர் எவராயினும் அவரை அவ்வேலைக்கு அழைப்பதில்லை. பூவாத செடியே எருக்குழிக்குச் செல்லும். தப்பிப் பூத்தவற்றைச் சாக்கில் கட்டி, விதை சிந்தாமல் அப்புறப்படுத்துகின்றோம்.

இரண்டாவது, நிலத்தை வெறுமையாக விடாமை. எம் நிலத்தை இச்செடி வென்று கைப்பற்றியதாக எண்ணியிருந்தோம். உண்மையில் யாம் நான்கு ஆண்டுகள் திறந்து போட்ட வீட்டில் அது குடியேறியது, அவ்வளவே. எனவே வைகாசி மழையோடு சணப்பையையும் தட்டைப்பயற்றையும் நெருக்கி விதைத்தோம். புரட்டாசியில் சோளமும் கொள்ளும் விதைத்தோம். அவற்றின் நிழலில் முளைத்த பார்த்தீனியம் வெளிறி மெலிந்து நின்றது. வரப்புகளில் கொழிஞ்சியும் ஆவாரையும் துத்தியும் தாமாக வளர இடங்கொடுத்தோம். முன்பு அவற்றையும் களை என்று வெட்டி வீசியவர்கள் யாமே. காய்கறிப் பாத்திகளில் சோளத்தட்டையும் தென்னை ஓலையும் பரப்பி மண்ணை மூடினோம். ஆழ உழுதலையும் குறைத்தோம். ஆழ உழவு இவ்வாண்டு விதையைப் புதைத்து, வேறோர் ஆண்டில் அதனை மேலே கொணர்ந்து முளைப்பிக்கும்.

மூன்றாவது, ஒரு சிறு வண்டின் உதவி. இச்செடியின் இயற்கைப் பகையாகிய வண்டினம் ஒன்றை அறிஞர்கள் மெக்சிகோவினின்று கொணர்ந்து ஆராய்ந்து, 1984-ஆம் ஆண்டு பெங்களூரில் வெளியிட்டனர். வெண்மஞ்சள் முதுகில் கருங்கோடுகள் கொண்ட அவ்வண்டும் அதன் புழுவும் பார்த்தீனியத்தின் இலைகளையும் குருத்தையும் தின்னும். வறட்சிக் காலத்தில் மண்ணுள் உறங்கி மழையோடு வெளிவரும். எம் ஊர்ச் சாலையோரத்திலும் அது உண்டு. ஆவணியில் ஒரு செடி நரம்பும் தண்டுமாக நிற்கக் கண்டால் அதன் வேலை என்று அறியலாம். தனித்து நிலத்தைத் தூய்மை செய்யும் ஆற்றல் அதற்கு இல்லை. பூப்பதைத் தாமதப்படுத்திப் பிடுங்குவோனுக்குக் காலம் ஈட்டித் தரும். களைக்கொல்லி தெளிக்காத நிலத்தில் இத்தகைய தோழர் கிடைப்பது ஓர் ஊதியம்.

நான்காவது, அண்டை அயல். விதைக்கு வரப்புத் தெரியாது. எம் நிலம் தூயதாயினும் வாய்க்காற்கரை வெண்மையாக இருந்தால் பயன் யாது? ஜபல்பூரிலுள்ள களை ஆராய்ச்சி இயக்ககத்தின் முயற்சியால் ஆண்டுதோறும் ஆகஸ்ட் 16 முதல் 22 வரை பார்த்தீனிய விழிப்புணர்வு வாரம் நடைபெறுகின்றது. அவ்வாரத்தில் ஒரு நாள் எம் ஊர் நிலத்தார் கூடி வாய்க்காலையும் பள்ளி வளாகத்தையும் சுடுகாட்டுப் பாதையையும் தூய்மை செய்கின்றோம். முதலாண்டு ஐவர் வந்தனர். சென்ற ஆண்டு முப்பதின்மர் வந்தனர். கையுறை இல்லாதார் எவரும் செடியைத் தொடலாகாது என்பது அன்றைய விதி. அவ்விதியை வகுத்துக் காவல் நின்றவர், தொலைவில் வேப்ப நிழலில் முகத்தை மூடி அமர்ந்திருந்த அக்காவே.

முதலாண்டில் வண்டி வண்டியாக வெளியேறிய செடி மூன்றாம் ஆண்டில் கூடைக் கணக்காயிற்று. முற்றும் ஒழிந்தது என்று கூறோம். மண்ணுள் விதை உளது. காற்றும் வாய்க்காலும் இன்னும் கொணர்கின்றன. அக்காவின் கழுத்தில் கருந்தழும்பும் மாறவில்லை. அவர் இப்போது எம் நாற்றங்காலைப் பார்த்துக்கொள்கின்றார். களைக்கூலி எவ்வளவோ அவ்வளவு கூலி, களை உள்ள நாளும் இல்லாத நாளும் அவருக்கு உண்டு. இதனை ஈகை என்று எவரேனும் கூறின் யாம் உடன்படோம்; கடன் தீர்ப்பதை ஈகை என்பதில்லை. கழற்றிய பலகையை யாம் மீண்டும் மாட்டவில்லை. கத்தரி நாற்றுக்கு மண் நிரப்பும்போது அக்கா அமரும் மணையாக அது பயன்படுகின்றது.

இம் மலரைப் படிக்கும் மாணவருள் பலர்க்குச் சிறிதேனும் நிலம் இருத்தல் கூடும். விடுமுறைக்கு ஊர் செல்லும்போது, மழை பெய்த மறுநாட் காலையில், பூவாத செடி கண்ணிற்பட்டால் கையுறை அணிந்து வேரோடு எடுங்கள். எடுத்த இடத்தில் ஒரு பிடி கொள்ளையேனும் விதையுங்கள். அவ்வேலைக்குப் பிறரை ஏவ நேரின், முதலில் அவர் கையை நோக்குங்கள்.