அசையாத முள்

ஓடும் வண்டியில் வேகங்காட்டும் முள் மட்டும் சுழியத்திலேயே நிற்பதை ஒருவர் எத்தனை நாள் பொறுத்துக்கொள்ள முடியும்? நாம் ஏறத்தாழ எட்டு மாதம் பொறுத்துக்கொண்டோம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையை மூழ்கடித்தபோது, பங்கு இல்லத்தின் முற்றத்தில் நமது பழைய ஸ்கூட்டர் இரண்டு நாள் முழங்கால் அளவு நீரில் நின்றது. வெள்ளம் வடிந்ததும் எஞ்சினைப் பார்த்தோம், பிரேக்கைப் பார்த்தோம், வண்டி ஓடியது. ஸ்பீடோமீட்டர் மட்டும் சில வாரம் நடுங்கிக்கொண்டிருந்துவிட்டு, சனவரிக் கடைசியில் அடங்கிப்போயிற்று. தவக்காலம் கழியட்டும் என்றோம். பாஸ்கா முடியட்டும் என்றோம். பின்னர் கோடைக்கால மறைக்கல்வி, உறுதிபூசுதல், மாதாவின் திருவிழா. உண்மையைச் சொன்னால், அதைச் சரிசெய்யும் தேவையே நமக்குத் தோன்றவில்லை. இந்நகரில் முப்பது ஆண்டு வண்டி ஓட்டியவருக்கு முள் எதற்கு? எஞ்சினின் ஒலியைக் கொண்டே வேகத்தைச் சொல்லிவிடலாமே என்பது நம் எண்ணம்.

செப்டம்பர் மாதத்து மாலை ஒன்றில், அடையாற்றிலுள்ள ஒரு மருத்துவமனையிலிருந்து நோயில்பூசுதலுக்கு அழைப்பு வந்தது. லஸ் பக்கம் ஒரு வீட்டில் இருந்த நாம் உடனே புறப்பட்டு, பெருஞ்சாலையின் நெரிசலுக்கு அஞ்சி மந்தைவெளியின் சிறு தெரு ஒன்றினுள் நுழைந்தோம். திருப்பத்தில் பூக்கூடையுடன் ஒரு மூதாட்டி தெருவைக் கடந்தார். பிரேக்கை அழுத்தினோம், வண்டி சறுக்கி, கைப்பிடி அவரது கூடையில் பட்டது. மல்லிகை முழுவதும் சாக்கடை ஓரத்தில் கொட்டிற்று. கீழே விழுந்த அவர் கையை ஊன்றி எழுந்தார், உள்ளங்கை உராய்ந்திருந்தது.

"இவ்வளவு வேகமா வரலாமா சாமி?" என்றார்.

"இல்லை அம்மா, 30-க்கு மேல் நாம் போகவில்லை" என்றோம்.

அதற்குள் நாலைந்து பேர் கூடிவிட்டனர். நம் வெள்ளை அங்கியைப் பார்த்தார்கள். மூதாட்டியின் கிழிந்த சேலையையும் பார்த்தார்கள். தேநீர்க் கடைக்காரர் தீர்ப்பு வழங்கினார்: "ஃபாதர் மெதுவாத்தான் வந்திருப்பாரு. ஆயா, நீதான் பாத்து வரணும்." மற்றவர்களும் தலையசைத்தனர். பூவுக்கான பணத்தைக் கொடுத்தோம். அவர் அதை எண்ணிப் பாராமலே இடுப்பில் செருகிக்கொண்டார். நாம் அடையாற்றுக்கு விரைந்தோம். நோயாளி நினைவோடு இருந்தார். நாம் வந்ததைக் கண்டு அவருடைய மகள் அழுதார். அவ்வளவில் அந்த மாலை நல்லபடியாக முடிந்ததென்றே கொண்டோம்.

இரவில்தான் அந்த 30 என்ற எண் நம்மை உறுத்தத் தொடங்கியது. அது நம் வாயில் எங்கிருந்து வந்தது? முள் எட்டு மாதமாகச் சுழியத்தில் கிடக்கிறது. 2023 நவம்பரில் சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை குடியிருப்புத் தெருக்களுக்கு வரம்பாக அறிவித்த எண் அது. செய்தித்தாளில் படித்திருந்தோம், மறையுரையிலும் ஒருமுறை எடுத்துச் சொல்லியிருந்தோம். இருக்க வேண்டிய வேகத்தை இருந்த வேகமாகச் சொல்லிவிட்டோம்.

பூந்தமல்லி குருமடத்தில் அறநெறி இறையியல் படித்த நாள்களில், வெல்ல முடியாத அறியாமை, வெல்லக்கூடிய அறியாமை என்று இரண்டைப் பிரித்துக் கற்றோம். எவ்வளவு முயன்றும் ஒருவர் அறிய முடியாதிருந்தால் அவர்மேல் குற்றமில்லை. அறிய வழியிருந்தும் அக்கறை கொள்ளாதிருந்தால் அந்த அறியாமைக்கு அவரே பொறுப்பாளி. 1992-இல் வெளியான திருச்சபையின் மறைக்கல்வி ஏடும் 1791-ஆம் எண்ணில் இதைத்தான் பேசுகிறது. தேர்வில் இதற்கு எடுத்துக்காட்டு எழுதச் சொன்னபோது, வேட்டைக்காரரும் புதரும் என்ற பழைய கதையை எழுதி நல்ல மதிப்பெண் பெற்றவர் நாம். கண் முன்னே, கைப்பிடிக்கு நடுவே, செத்துக் கிடக்கும் முள்ளை எழுதத் தோன்றியிருக்காது.

மறுநாளே மந்தைவெளி மெக்கானிக்கிடம் வண்டியைத் தள்ளிச் சென்றோம். அவர் கேட்ட முதல் கேள்வி அழகானது: "முள் மட்டும் நிக்குதா, கிலோமீட்டர் நம்பரும் நிக்குதா?" இரண்டும் என்றோம். "அப்ப மேல பாக்க வேணாம், கீழதான்."

அதன் காரணத்தைப் பிறகு அவரே விளக்கினார். முன்சக்கரத்தின் அச்சருகே ஒரு சிறு பல்சக்கரம் உண்டு. சக்கரம் சுழல, அது ஒரு கம்பியைச் சுழற்றும். எஃகு இழைகளை ஒன்றன்மேல் ஒன்று எதிரெதிராகச் சுற்றி முறுக்கிய அக்கம்பி, ஓர் உறைக்குள் கைப்பிடி வரை ஏறி மீட்டருக்குள் நுழைகிறது. அங்கே வேகமுள்ளும் தூரம் எண்ணும் சக்கரமும் தனித்தனி வேலைக்காரர்கள். ஆனால் இருவருக்கும் செய்தி வருவது அந்த ஒரே கம்பியால். ஒருவர் மட்டும் நின்றால் கோளாறு மீட்டருக்குள்; இருவரும் சேர்ந்து நின்றால் கம்பியையோ சக்கரத்தையோ முதலில் ஐயுற வேண்டும்.

பையன் பின்னிருக்கையை அழுத்த, முன்சக்கரம் தரையைவிட்டு எழும்பியது. மேல்முனையைக் கழற்றிவிட்டுச் சக்கரத்தைக் கையால் சுழற்றினார்கள். கம்பியின் நுனி அசையவில்லை. கீழ்முனையையும் கழற்றி இழுத்தபோது, துருவேறி இரண்டாய் அறுந்த கம்பி செம்பொடியை உதிர்த்துக்கொண்டு வெளியே வந்தது. வெள்ளத்து நீர் அதனுள் மாதக்கணக்கில் தங்கியிருந்திருக்கிறது. புதுப்பேட்டையிலிருந்து புதுக் கேபிள் வந்தது. பல்சக்கரத்தைக் கழுவிக் கிரீஸ் வைத்து மாட்டினார்கள். முள் எழுந்தது. நாமும் மகிழ்ந்தோம். மூன்றாம் நாள் அது மறுபடி நடுங்கிற்று. நான்காம் நாள் செத்தது. புதுக் கம்பியும் மேல்முனையில் முறிந்திருந்தது.

இம்முறை தியாகராய நகரில், உஸ்மான் சாலைக்குப் பின்னாலுள்ள சந்தில், மீட்டர் மட்டுமே பழுதுபார்க்கும் முதியவர் ஒருவரிடம் போனோம். முறிந்த கம்பியை அவர் பொருட்படுத்தவேயில்லை. மீட்டரின் அடியிலுள்ள சிறு தண்டை விரல்நுனியால் திருப்பிப் பார்த்து, நம்மையும் திருப்பச் சொன்னார். அது கல்லாயிருந்தது. "கேபிள் செத்தது சரி ஃபாதர். அதைக் கொன்னது யாருன்னு பாக்கலியே" என்றார். சுழலும் கம்பி ஒரு திருகுபோல் நீரையும் கிரீஸையும் மேலே ஏற்றிவிடுமாம். அவ்வாறு ஏறிய வெள்ளநீர் தண்டின் துளையில் துருவாய்ப் படிந்திருந்தது. இதனால்தான் கேபிளின் மேல்முனையில் இரண்டு விரற்கடை அளவுக்குக் கிரீஸ் தடவலாகாது என்றும் கற்றுக்கொடுத்தார். விளிம்பு வளையத்தை நெம்பிக் கண்ணாடியைக் கழற்றியபோது நாமும் குனிந்து பார்த்தோம்.

அந்தத் தண்டின் தலையில் ஒரு காந்தம். அதைச் சுற்றி, அதைத் தொடாமல், ஓர் அலுமினியக் கிண்ணம். முள் பொருந்தியிருப்பது கிண்ணத்தின் அச்சில். அலுமினியத்தைக் காந்தம் ஈர்க்காது என்று பள்ளிப் பிள்ளையும் அறியும். எனினும் காந்தம் சுழன்றால் கிண்ணமும் உடன் திரும்ப முயல்கிறது. சுழலும் செப்புத் தட்டு காந்த ஊசியை இழுப்பதை 1824-இல் பிரெஞ்சு அறிஞர் அராகோ கண்டார். அதற்கான காரணத்தை 1831-இல் ஃபாரடேயின் மின்காந்தத் தூண்டல் தந்தது. மாறும் காந்தப்புலம் உலோகத்தினுள் சுழல் மின்னோட்டங்களை எழுப்புகிறது. அவை கிண்ணத்தை இழுக்கின்றன. மயிரிழை போன்ற ஒரு சுருள்வில் அதைப் பின்னுக்கு இழுக்கிறது. இரண்டு இழுப்பும் சமமாகும் இடத்தில் முள் நிற்கிறது. ஜெர்மானியரான ஓட்டோ ஷுல்ட்ஸே இதற்கு 1902-இல் காப்புரிமை பெற்றார். இப்போதைய வண்டிகளில் உணரிகளும் மின்னெண் திரையும் வந்துவிட்டன. நம்முடையது இன்னும் ஷுல்ட்ஸேயின் பிள்ளைதான். தொடாமலே அசைக்கும் அந்த இழுப்பைப் பற்றி ஒரு மறையுரை நமக்குள் எழுந்தது. அதை அங்கேயே அடக்கினோம். நாம் வந்த காரியம் வேறு.

முதியவர் துருவைக் கழுவித் தையல் எந்திர எண்ணெய் ஒரு சொட்டு விட்டார். ஒரு சிறு மோட்டாரில் பூட்டி வேறொரு மீட்டரோடு ஒப்பிட்டார். புதுக் கேபிள் மீண்டும் ஏறியது.

அடுத்த நாள் விடியற்காலை, முதல் திருப்பலிக்கு முன், ஆளரவமற்ற சாந்தோம் நெடுஞ்சாலையில் வண்டியை எடுத்தோம். முள்ளைப் பாராமல், அன்று மாலை எந்த ஒலியில், எந்த உணர்வில் சென்றோமோ அந்த வேகத்துக்குக் கொண்டுவந்து, பிறகு குனிந்து பார்த்தோம். 46. மீண்டும் ஒருமுறை: 44. மூன்றாம் முறை 47. முள்ளை 30-இல் நிறுத்திப் பார்த்தபோது வண்டி ஊர்வதுபோல் இருந்தது. கண்ணும் காதும் எந்த வேகத்துக்குப் பழகினவோ அதையே மெதுவென்று நமக்குச் சொல்லி வந்திருக்கின்றன.

உடனே மனம் வழக்காடத் தொடங்கியது. ஸ்பீடோமீட்டர்கள் சற்று மிகுத்தே காட்டும். ஐக்கிய நாடுகளின் 39-ஆம் வாகன ஒழுங்குவிதி, உள்ள வேகத்தைவிடக் குறைத்துக் காட்டலாகாது என்று சொல்லி, ஓரளவு மிகுதியை அனுமதிக்கிறது. ஆகவே 46 என்பது 42 ஆக இருக்கலாம். இருக்கட்டும், 42-உம் 30 அல்ல. 30-இல் ஒரு நொடிக்கு எட்டு மீட்டர் சொச்சம்; 46-இல் ஏறக்குறைய 13 மீட்டர். அந்தத் தெருவின் அகலமே அந்த வேறுபாட்டுக்குள் அடங்கிவிடும். மோதும் ஆற்றலோ வேகத்தின் வர்க்கத்தில் பெருகுவது. கணக்கிட்டால் இரண்டு மடங்குக்கும் மேல். நோயாளிக்காக விரைந்தோம் என்ற வாதம் அதற்குப் பின் வந்தது. அதுவும் உண்மைதான். ஆனால் அந்த மூதாட்டியிடம் நாம் சொன்னது, அவசரமாக வந்தோம் என்றல்ல.

பாவசங்கீர்த்தனத்துக்கு வருவோரிடம், பறித்ததைத் திருப்பிக் கொடுத்தாயா என்று கேட்பது நம் பணி. பூவின் விலையைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. நாலைந்து பேர் முன்னிலையில் அவரிடமிருந்து நாம் பறித்தது பூ மட்டுமல்ல. தனியே போய்ச் சொல்லிவிட்டு வந்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தோம். அந்நினைப்பின் சாமர்த்தியம் சற்று நேரம் கழித்தே புரிந்தது.

அன்று மாலை, தேநீர்க் கடையில் கூட்டம் இருக்கும் வேளை பார்த்துச் சென்றோம். மூதாட்டி எதிர்த் திண்ணையில் பூத் தொடுத்துக்கொண்டிருந்தார். கடைக்காரரையும் அழைத்து, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னோம்: "அம்மா, அன்று நீங்கள் சொன்னதுதான் சரி. நம் மீட்டர் ஓடவில்லை. தெரியாமலே 30 என்றோம். 40-க்கு மேல் வந்திருக்கிறோம். பொய் சொன்னவர் நாம்." கடைக்காரர், "அட விடுங்க ஃபாதர், அது போயி எத்தினி நாளாச்சு" என்று தேநீர் ஆற்றுவதில் முனைந்தார்.

மூதாட்டி விடவில்லை. தொடுத்த சரத்தை மடியில் வைத்துவிட்டு வலது கையை விரித்துக் காட்டினார். உராய்ந்த இடம் ஆறி வெளுத்திருந்தது. "ஒரு வாரம் நூல் பிடிக்க முடியலை சாமி. நாளுக்கு அம்பது முழம் கட்டுற கை. உங்ககிட்ட வந்து சொல்லலாம்னா, நான்தான் பாக்காம வந்தேன்னு எல்லாரும் சொல்லிட்டாங்க."

அந்த ஒரு வாரத்துக்கு என்ன கணக்கென்று கேட்டோம். இம்முறை அவர் எண்ணி வாங்கிக்கொண்டார். மிகுதியாயிருந்த இருபது ரூபாயைத் திருப்பித் தந்தார். பிறகு மீட்டரைப் பார்க்க வேண்டும் என்றார். வண்டியருகே அழைத்துச் சென்று காட்டினோம்.

எஞ்சினைக் கிளப்பாமல் தெருமுனை வரை தள்ளிக்கொண்டே வந்தோம். நடக்கிற வேகத்துக்கு முள் எழவில்லை. அடியிலிருந்த எண்சக்கரம் மட்டும் மெல்ல நகர்ந்தது.