முகம் பாராத காசு

அமெரிக்கத் துறைமுகங்களிலிருந்து கிளம்பும் பெரிய சொகுசுக் கப்பல்களில் பயணியின் கணக்கில் தினமும் ஒரு தொகை தானாக ஏறிக்கொண்டே இருக்கும். ஆளுக்கு நாளொன்றுக்கு 16 டாலரிலிருந்து 20 டாலர் வரை. நிறுவனத்தையும் அறையையும் பொறுத்துக் கொஞ்சம் கூடும், குறையும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கும் உண்டு. மது வாங்கினால் விலையின் மேல் 18 அல்லது 20 சதவீதம் தனி. இந்தத் தொகையின் பெயர் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஒன்று ‘கிராஜுட்டி’ என்னும். ஒன்று ‘சர்வீஸ் சார்ஜ்’ என்னும். இன்னொன்று ‘க்ரூ அப்ரிஸியேஷன்’, அதாவது ஊழியரைப் பாராட்டுதல் என்னும். பாராட்டுகிற வேலையைக் கணினி செய்துவிடுகிறது.

பிடிக்கவில்லை என்றால் வரவேற்பு மேசைக்குப் போய் அதைக் குறைக்கச் சொல்லலாம். பல கப்பல்களில் முழுக்க நீக்கவும் சொல்லலாம். சாப்பாட்டுக்கான காசையோ துறைமுக வரியையோ அப்படி நீக்கச் சொல்ல முடியாது. வேலை செய்தவருக்குப் போகும் காசை மட்டும் நீக்கலாம்.

மியாமியிலிருந்து பஹாமாஸ் போய்த் திரும்பும் அப்படியொரு கப்பலில் அம்மாவும் நானும் ஐந்து நாள் இருந்தோம். அட்லாண்டாவில் வேலை பார்க்கும் தங்கை கூட்டிப்போனாள். அவளுடைய நண்பர்களான இரண்டு தமிழ்க் குடும்பங்களும் வந்திருந்தன. நெய்தல் பாடம் நடத்துகிறவள் கடலைப் பற்றி நாலு பக்கமாவது எழுதிக்கொண்டு வருவாள் என்று என் மாணவிகள் எதிர்பார்த்தார்கள். என் குறிப்பேட்டில் இருந்ததெல்லாம் இந்த டிப்ஸ் கணக்குதான்.

இரண்டாம் நாள் இரவுச் சாப்பாட்டில் பேச்சு தொடங்கியது. “நான் எப்பவும் இதை எடுத்துடுவேங்க்கா. கம்பெனிக்கு எதுக்குக் குடுக்கணும்? நம்ம ரூமைப் பாத்துக்கற பொண்ணு கையில நேரா நாப்பது டாலரை வெச்சா அவளுக்கு முழுசாப் போய்ச் சேரும்” என்றார் நண்பர்களில் ஒருவர். கெட்டவர் இல்லை, கணக்குப் பார்ப்பவர். அம்மா உடனே அவர் கட்சியில் சேர்ந்துகொண்டார். “தம்பி சொல்றது சரி. குடுக்கறதை முகம் பாத்துக் குடுக்கணும்.”

அம்மா சொன்னது இன்று நேற்று வந்த எண்ணம் இல்லை. புறநானூற்றின் 208ஆம் பாடல் இதைப் பற்றியதுதான். தொலைவிலிருந்து நடந்து வந்த பெருஞ்சித்திரனாரை அதியமான் நெடுமான் அஞ்சி நேரில் பார்க்கவில்லை. பரிசை மட்டும் கொடுத்து அனுப்பினான். புலவர் வாங்க மறுத்துவிட்டார். தன்னை அறிந்து தந்தால் சிறிதும் போதும், அறியாமல் தந்தால் பெரிதும் வேண்டாம் என்பது அவர் நிலை. இருபது ஆண்டுகளாக இந்தப் பாட்டைப் புலவரின் தன்மதிப்புக்குச் சான்றாக நடத்திவருகிறேன். இனியும் அப்படித்தான் நடத்துவேன். ஆனால் மறுத்துவிட்டு வேறு வள்ளலைத் தேடிப்போக அவருக்குப் புலமை இருந்தது, வழி இருந்தது. அதே உலகத்தில் பாணனோடு விறலியும் நடக்கிறாள், பாடுகிறாள், ஆடுகிறாள். ஆற்றுப்படைகள் அவளைக் கூந்தலிலிருந்து அடி வரைக்கும் வருணிக்கின்றன. அவளுக்குப் பரிசு பார்த்த பிறகுதான். பார்க்காமல் தருகிறேன் என்று ஒருவன் சொல்லியிருந்தால் அவள் அதை அவமானமாக எடுத்துக்கொண்டிருப்பாளா?

எங்கள் அறையைக் கவனித்துக்கொண்டவர் பிலிப்பைன்ஸைச் சேர்ந்தவர், நாற்பதை நெருங்குபவர். இரண்டு பிள்ளைகள் ஊரில் பாட்டியிடம் வளர்கிறார்கள். ஒன்பது மாத ஒப்பந்தத்தில் அது அவருக்கு ஆறாவது மாதம். வாரத்தில் ஏழு நாளும் வேலை, விடுமுறை என்று ஒரு நாள் கிடையாது. காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை வந்து கட்டிலைச் சரிசெய்து, குளியலறையைக் கழுவி, துண்டை யானையாகவோ குரங்காகவோ மடித்து வைத்துவிட்டுப் போவார். அந்த யானையைக் கலைக்க அம்மாவுக்கு மனம் வரவில்லை. மூன்று யானைகள் சேர்ந்துவிட்டன.

கடலோடிகளின் உரிமைகளுக்கென்று 2006இல் ஒரு பன்னாட்டு உடன்படிக்கை உருவாகி 2013இல் நடைமுறைக்கு வந்தது. சமையற்காரர், அறை கவனிப்பவர் எல்லாரும் அதன்படி கடலோடிகளே. அதில் ஒரு கணக்கு உண்டு: வாரத்துக்குக் குறைந்தது 77 மணி நேரம் ஓய்வு தர வேண்டும். நல்ல விதி போலத் தெரியும். ஒரு வாரத்தின் 168 மணியில் 77ஐக் கழித்துப் பார்த்தால் 91 வரும். இந்தக் கணக்கைப் பின்பற்றும் நாட்டின் கொடி பறக்கும் கப்பலில் 91 மணி நேரம் வரை வேலை வாங்கினாலும் சட்டப்படி தவறில்லை.

நான்காம் நாள் அவரிடம் நேராகவே கேட்டேன். கையில் கொடுப்பது நல்லதா, கணக்கில் தானாக ஏறுவது நல்லதா? யோசிக்கவே இல்லை அவர். தானாக ஏறுவதுதான் என்றார். முதல் ஒப்பந்தத்தில் அவர் வேலை பார்த்த கப்பலில் உறை வழக்கம் இருந்ததாம். கடைசி இரவு பயணிகள் ஆளுக்கொரு உறையில் காசு போட்டுக் கொடுப்பார்கள். அறைக்காரருக்கு ஒன்று, பரிமாறுபவருக்கு ஒன்று, அவருடைய உதவியாளுக்கு ஒன்று. அந்த ஒரு இரவுக்காக மற்ற எல்லா நாளும் சிரித்துக்கொண்டிருக்க வேண்டும் என்றார். சிலர் உறையை மேசையில் வைப்பார்கள். சிலர் கட்டிலில் தங்கள் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வந்து எடுத்துக்கொள் என்பது போல உட்கார்ந்திருப்பார்கள். அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

“இப்போது யாரும் என் முகத்தைப் பார்த்துத் தர வேண்டியதில்லை. அறையைச் சுத்தம் செய்கிறேன், காசு வருகிறது” என்றார்.

ஆர்லி ஹாக்ஷீல்ட் 1983இல் எழுதிய ‘தி மேனேஜ்டு ஹார்ட்’ நூல் விமானப் பணிப்பெண்களின் சிரிப்பை உழைப்பாகக் கணக்கிட்டது. நம் மகளிரியல் வகுப்புகளில் அந்த நூலைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். இவர் அதைப் படித்திருக்கத் தேவையில்லை.

உறையிலிருந்து கணினிக்கு மாறியது பெண்களின் மானத்தைக் கருதி அல்ல. பழைய முறையில் ஒரு குடும்பம் பயணம் முழுக்க ஒரே மேசையில் ஒரே நேரத்தில் சாப்பிடும். பரிமாறுபவரும் ஒருவரே. அதனால் யாருக்கு உறை என்பதில் குழப்பம் இல்லை. நார்வீஜியன் நிறுவனம் 2000இல் விரும்பிய நேரத்தில் விரும்பிய உணவகத்தில் சாப்பிடலாம் என்ற முறையைக் கொண்டுவந்தது. இரவுக்கு ஒருவர் பரிமாறினால் உறையை யாரிடம் கொடுப்பது? தொகையைக் கணக்கில் ஏற்றும் வழி அப்படித்தான் பரவியது. வியாபார வசதிக்காக வந்த மாற்றத்தில் ஒரு நன்மையும் சேர்ந்து வந்தது. கீழ்த்தளத்தில் துணி வெளுப்பவருக்கும் பின்கட்டில் வேலை செய்பவருக்கும் இந்தப் பொதுக் காசில் பங்கு உண்டு என்று நிறுவனங்கள் சொல்கின்றன. எங்கள் நண்பர் கையில் வைக்க நினைத்த நாற்பது டாலர் அவர்களிடம் போகாது. அவர்களுடைய முகம் நமக்குத் தெரியவே தெரியாது. வீட்டிலும் அப்படித்தான். விருந்தில் பரிமாறியவரைப் பாராட்டிவிட்டுப் போவார்கள், பாத்திரம் தேய்த்தவரை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

இதனால் தானாக ஏறும் டிப்ஸ் நியாயமானது என்று ஆகிவிடாது. அமெரிக்காவில் டிப்ஸ் வழக்கம் வேர் பிடித்த கதையைப் பார்த்தால் தெரியும். உள்நாட்டுப் போருக்குப் பிறகு புல்மன் நிறுவனம் தன் தூங்கும் வசதி கொண்ட ரயில் பெட்டிகளில் அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின ஆண்களை வேலைக்கு வைத்தது. சம்பளம் சொற்பம், மீதியைப் பயணிகளிடம் வாங்கிக்கொள்ள வேண்டும். பெயர்கூடக் கிடையாது. முதலாளி ஜார்ஜ் புல்மனின் பெயரால் எல்லாரையும் ‘ஜார்ஜ்’ என்று கூப்பிட்டார்கள். கறுப்பினப் பெண்களும் அந்தப் பெட்டிகளில் பணிப்பெண்களாக இருந்தார்கள். 1925இல் ஏ. ஃபிலிப் ரான்டால்ஃப் தலைமையில் சங்கம் கட்டி, 1937இல்தான் ஒப்பந்தம் பெற முடிந்தது. அந்த நாட்டில் டிப்ஸ் வாங்கும் வேலைகளுக்கு, முதலாளி கையிலிருந்து தர வேண்டிய கூட்டரசின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2.13 டாலர். 1991இலிருந்து அது மாறவில்லை.

மியாமியில் கட்டிவைத்திருக்கும் கப்பலுக்கு அந்த 2.13 டாலரும் செல்லாது. பின்புறம் போய்ப் பார்த்தால் ஊர்ப்பெயர் நாசாவ் என்றோ பனாமா என்றோ எழுதியிருக்கும். அயல்நாட்டுக் கொடிக் கப்பலின் கடலோடிகள் அமெரிக்கக் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்துக்கு வெளியே நிற்கிறார்கள். அடிப்படைச் சம்பளம் சிறியது, டிப்ஸ்தான் அதை நிரப்ப வேண்டும். பிலிப்பைன்ஸ் அரசின் கடலோடி ஒப்பந்தப்படி, நோயில் விழுந்து கரையிறங்கினால் கிடைக்கும் உதவித்தொகை அடிப்படைச் சம்பளத்தின் அளவில்தான். கையில் மாதாமாதம் வந்துகொண்டிருந்ததின் அளவில் இல்லை. 2020 மார்ச்சில் கப்பல்கள் நின்றபோது பல்லாயிரம் ஊழியர்கள் வாரக்கணக்கில், சிலர் மாதக்கணக்கில், கப்பலிலேயே முடங்கிக் கிடந்தார்கள். பயணிகள் இல்லை, ஆகவே டிப்ஸும் இல்லை. பலருக்குச் சம்பளமும் நின்றுபோனது. சாப்பாடும் படுக்கையும் கிடைத்தன.

டிக்கெட் விலையிலேயே சேர்த்து, கூலி என்று பெயரிட்டுக் கொடுக்க முடியாதா? முடியும். பிரிட்டனின் பி அண்ட் ஓ நிறுவனம் 2019இல் தானாக ஏறும் தொகையைக் கைவிட்டுவிட்டது. கப்பல் மூழ்கிவிடவில்லை.

கடைசி இரவு வரவேற்பு மேசையின் முன்னால் வரிசை நின்றது. எங்கள் நண்பரும் நின்றார். மேசைக்குப் பின்னால் இருந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம். ஒவ்வொருவருடைய அறை எண்ணையும் கேட்டு, தன்னோடு ஒரே தளத்தில் அடுக்குக் கட்டிலில் படுக்கும் பெண்களின் காசை நீக்கி, “வேறு ஏதாவது உதவி வேண்டுமா?” என்று சிரித்துக்கொண்டே கேட்டார். நண்பரின் மனைவி சற்றுத் தள்ளி நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி வரும்போது இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

எங்கள் கணக்கில் தொகை அப்படியே இருந்தது. அம்மா அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. தங்கையின் சிநேகிதிகளுக்கென்று ஊரிலிருந்து எடுத்து வந்த ரவிக்கைத் துணிகளில் நல்லதாக ஒன்றைப் பொறுக்கி, மறுநாள் காலையில் அறைக்காரரின் கையில் கொடுத்தார். வெங்காயச் சருகு நிறம், சின்னச் சரிகைக்கரை. அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். இதை எப்படி உடுத்துவது என்று கேட்க, அம்மா தமிழிலேயே விளக்கினார். அது பரிசு. கணக்கில் ஏறிய தொகை பரிசு இல்லை.

‘கிராஜுட்டி’ என்ற அதே ஆங்கிலச் சொல்லுக்கு நம் அலுவலகங்களில் பணிக்கொடை என்று பெயர். 1972ஆம் ஆண்டுச் சட்டம் அதை உரிமையாக்கியது. ஐந்தாண்டு வேலை பார்த்தவர் விலகும்போது, ஆண்டுக்குப் பதினைந்து நாள் சம்பளம் என்று கணக்கிட்டுத் தர வேண்டும். நிர்வாகத்தின் மனநிலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் சொல்லில் கொடை ஒட்டிக்கொண்டுவிட்டது. ஆசிரியர்கள் இந்தச் சட்டம் சொல்லும் தொழிலாளர் அல்லர் என்று 2004இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நாடாளுமன்றம் 2009இல் சட்டத்தைத் திருத்தி, 1997 ஏப்ரலிலிருந்து ஆசிரியர்களுக்கும் உண்டு என்றது. தனியார் பள்ளிகள் வழக்குப் போட்டன. 2022இல் உச்ச நீதிமன்றம் திருத்தம் செல்லும் என்றது. இத்தனை ஆண்டு இழுபறிக்கிடையில், வகுப்பறையில் நிற்பது தொழில் அல்ல, தொண்டு என்று பெண் ஆசிரியர்களிடம் எத்தனை மேடைகளில் சொல்லியிருப்பார்கள்!

நான் முன்பு வேலை பார்த்த சுயநிதிக் கல்லூரியில் ஓர் அக்கா இருந்தார். பத்தொன்பது ஆண்டுகள் தமிழ் நடத்தி ஓய்வுபெற்றவர். தீர்ப்பு வந்த பிறகு மனு மேல் மனு போட்டு ஒருவழியாகக் காசோலை வந்தது. கூடவே வந்த கடிதத்தில் ‘நிர்வாகத்தின் நல்லெண்ண அடிப்படையில் வழங்கப்படுகிறது’ என்று இருந்தது. தொகை சரியாகவே இருந்தது, அதில் அவருக்குப் புகார் இல்லை. ‘நல்லெண்ண அடிப்படையில்’ என்பதைச் சிவப்பு மையால் அடித்து, ஓரத்தில் ‘சட்டப்படி’ என்று எழுதி, மாற்றித் தந்தால்தான் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துப் போடுவேன் என்று திருப்பி அனுப்பிவிட்டார். விடைத்தாள் திருத்துகிற அதே பேனா. மூன்று வாரம் இழுத்தடித்தார்கள். பிறகு மாற்றித் தட்டச்சு செய்து கொடுத்தார்கள்.