முயலுக்கு ஏற்ற உறைவிடம்

முயல் என்னும் ஒரு பெயரால் தமிழ்நாட்டார் இருவேறு உயிர்களைச் சுட்டுகின்றனர். நம் நாட்டுப் புதர்க்காடுகளில் திரியும் முயல் வளை தோண்டுவதில்லை. புல்லிடையே தன் உடலளவாய் ஒரு குழிவு செய்து அதிற் பதுங்கிக் கிடக்கும். அதனைப் பிடித்து வளர்த்தலை 1972ஆம் ஆண்டு இயற்றப்பெற்ற வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கின்றது. விலைக்கு வாங்கி வீட்டில் வளர்க்கும் முயலோ ஸ்பெயின் முதலிய நாடுகளின் காட்டு முயல் வழிவந்தது. அதன் முன்னோர் மண்ணை அகழ்ந்து, பல வாயில்களையுடைய வளைகளிற் கூட்டமாய் வாழ்ந்தன. இருளும் குளிர்ச்சியும் தப்பியோட மற்றொரு வழியும் உள்ள இடமே அவ்வினத்திற்கு வீடு. இதனை அறியாதார் நாற்புறமும் திறந்த கம்பிக்கூண்டொன்றை வாங்கி வாயிலில் வைத்துவிட்டு, முயல் ஏன் நடுங்குகின்றது என வியப்பர்.

உறைவிடம் அமைக்குமுன் ஆராய வேண்டுவது வெயில். முயல் நம்மைப் போல வியர்த்துக் குளிர்வதன்று; உடல் வெப்பத்தைப் பெரும்பாலும் நீண்ட செவிகளின் வழியே போக்குகின்றது. காற்றின் வெப்பம் 30 பாகை செல்சியசைக் கடந்தால் அது வருந்தும். மேன்மேலும் ஏறின் உயிர் பிழைப்பது அரிது. கொடைக்கானல் மலையிலுள்ள மன்னவனூரில் அரசினர் ஆராய்ச்சி நிலையம் முயல்களை வளர்த்து வருகின்றது. அம்மலைக் குளிர் சித்திரைத் திங்களில் மதுரைக்கும் வேலூருக்கும் எங்ஙனம் வாய்க்கும்? ஆதலின் சமவெளியில் வாழ்வோர் மொட்டைமாடியையும் தகரக் கூரையையும் அறவே விலக்க வேண்டும். வேப்பமர நிழல் நன்றே. ஆயினும் நிழல் ஓரிடத்தில் நில்லாது. காலையிற் குளிர்ந்திருந்த இடம் பிற்பகலிற் கனலாய்க் காயும். ஒரு பகல் முழுதும் நிழலின் போக்கைப் பார்த்த பின்னரே இடத்தை உறுதி செய்தல் வேண்டும். காற்றோட்டமுள்ள வடபுறத் தாழ்வாரம் கிடைக்குமாயின் அதனினும் சிறந்தது இல்லை.

இடத்தின் அளவிலும் கருத்து வேண்டும். முயல் தொடர்ந்து மூன்று முறையேனும் தாவவும், பின்னங்கால்களில் எழுந்து நின்றால் செவி மேலே முட்டாதிருக்கவும் இடம் வேண்டும். இரு முயல்களுக்கு 3 மீட்டர் நீளமும் 2 மீட்டர் அகலமும் 1 மீட்டர் உயரமும் வேண்டும் என்பர் இங்கிலாந்தில் முயல் நலம் பேணுவோர். இரு முயல்கள் என்றது காரணத்தோடுதான். கூட்டமாய் வாழ்ந்த இனம் தனிமையில் வாடும்.

தரை கம்பிவலையாக இருத்தல் ஆகாது. நாய் பூனைகளுக்குப் போல் முயலின் அடியில் மெத்தென்ற தசை இல்லை, மயிரே உண்டு. கம்பி உறுத்த உறுத்தப் புண்ணாகும். பலகையிட்டு வைக்கோல் பரப்பி, ஈரமானதை நாடோறும் மாற்ற வேண்டும். இன்றேல் சிறுநீரின் நெடி மூச்சுறுப்பைக் கெடுக்கும். தோட்டத்தில் வேலி இடுவோர் வலையை ஓரடி ஆழம் மண்ணிலும் புதைக்க வேண்டும். வெளியிலிருந்து கீரி நுழையாது. உள்ளிருந்து முயலும் அகழ்ந்து போகாது. வீட்டினுள் வளர்ப்போர்க்கு வேறோர் அச்சம் உண்டு: முயலின் பல் வாழ்நாள் முழுதும் வளர்வதால் அஃது எதனையும் கொறிக்கும், மின்கம்பியையும் விடாது.

இவ்விடத்தின் ஒரு மூலையில் இரு வாயில்களையுடைய மரப்பெட்டி ஒன்று இருத்தல் வேண்டும். புதிதாய் வந்த முயல் பகலெல்லாம் அதனுள்ளே ஒடுங்கிக் கிடக்கும். அதனைக் கையால் இழுத்து வெளிக்கொணர்தல் கூடாது. அந்தி மயங்கும் வேளையில் முதலில் மூக்கும், பின்னர்ச் செவியும், அதன்பின் முயலும் தாமே வெளிவரும்.