வீட்டுக்கு ஜலம் வார்ப்பது

செடிக்கு ஜலம் வார்ப்பதைப் பார்த்திருக்கிறேன். வீட்டுக்கு ஜலம் வார்ப்பதை அமெரிக்காவில் டல்லாஸ் நகரத்தில்தான் பார்த்தேன். அங்கே என் பெண்ணின் வீட்டில் தங்கியிருந்தபோது, கோடை மாலைகளில் மாப்பிள்ளை வீட்டைச் சுற்றிக் கண் வைத்த ரப்பர் குழாயைப் போட்டு, அஸ்திவாரத்தோரத்து மண்ணை நனைத்து வந்தார்.

காரணம் மண்தான். நம் கோவில்பட்டிச் சீமைக் கரிசலுக்கு அது ஒன்றுவிட்ட சகோதரன். நனைந்தால் உப்பும், காய்ந்தால் கை நுழையும்படி வெடிக்கும்.

அவ்வூரார் இதற்குக் கையாளும் உபாயம் ரஸமானது. அடியில் விலா எலும்புகளைப் போல் உத்திரங்கள் இறங்கிய ஒரே காங்க்ரீட் தளத்தை மண்மேல் வார்க்கிறார்கள். அதற்குள் குறுக்கும் நெடுக்குமாக அரையங்குல வடங்கள். ஒவ்வொன்றும் ஏழு எஃகுக் கம்பிகளை முறுக்கி, மசகு பூசி, பிளாஸ்டிக் உறையிட்டது. காங்க்ரீட் சில நாள் இறுகிய பின், ஒவ்வொரு வடத்தையும் ஜாக்கியால் சுமார் 15 டன் விசையுடன் இழுத்து, ஆப்பு வைத்துப் பூட்டுகிறார்கள். 100 அடி வடம் சுமார் 8 அங்குலம் நீண்டு விடுகிறது! நீண்ட வடம் சுருங்கப் பார்க்கும். ஆகவே தளம் எப்போதும் நெருக்குண்டே இருக்கும். காங்க்ரீட் அமுக்கினால் தாங்கும், இழுத்தால் விரியும் அல்லவா? 1928-ல் பிரெஞ்சு இஞ்சினீயர் யூஜீன் பிரெய்ஸினே காப்புரிமை பெற்ற தத்துவத்தின் வழிவந்த வேலை இது.

ஆனால் வடங்கள் மண்ணை அடக்கிவிடுவதில்லை. மழையில் ஓரத்து மண் உப்பினால் விளிம்பு உயரும். வறட்சியில் ஓரம் தாழ்ந்து நடு மேடாகும். தளம் முறியாமல், ஒரே அங்கமாகச் சற்று வளைந்தும் சாய்ந்தும் கொடுக்கும், அவ்வளவுதான். சாய்வு மிஞ்சினால் சுவர் பேசத் தொடங்கிவிடும்.

பெண்ணின் வீட்டில் பேசியது பின்னறைச் சுவர். கதவு நிலையின் மூலையிலிருந்து சாய்வாக ஒரு விரிசல்; கதவும் மூட மறுத்தது. பார்வையிட வந்த இஞ்சினீயர் தரைமட்டம் பிடித்து, அந்த மூலை ஒன்றரை அங்குலம் தாழ்ந்திருப்பதாகச் சொன்னார். தளம் உடையவில்லை, ஜன்னலோரத்து ஓக் மரம் மண்ணின் ஈரத்தை உறிஞ்சுகிறது, வெட்டிவிடுவது உத்தமம் என்றார். குழாய் ஜலம் அந்த வேர்களுக்கு எம்மாத்திரம்?

பேரன் பிறந்த வருஷம் நட்ட மரம் அது. அவனுக்கு இப்போது 18 வயது. படிப்புக்காக வெளியூர் போய்விட்டான். பெண் வாய் திறக்கவில்லை. வேறு வழி உண்டா என்று மாப்பிள்ளை கேட்டார். மரத்துக்கும் வீட்டுக்கும் நடுவே ஆழமாகப் பள்ளம் எடுத்து வேர்த் தடுப்பு இறக்கலாம். ஆனால் செலவு பிடிக்கும், மண் மறுபடி ஈரம் கொள்ள மாதக்கணக்காகும் என்றார் அவர்.

"பள்ளமே எடுக்கச் சொல்லுங்கள்" என்றாள் பெண்.