ஜிகினா எந்தப் பக்கம் மின்னும்?

மதுரையிலிருந்து திண்டுக்கல் சாலையில் ஏறக்குறைய 25 கிலோமீட்டர் போனால் வாடிப்பட்டி. வடக்கே சிறுமலை, சுற்றிலும் பெரியாற்றுப் பாசன வயல்கள், பக்கத்திலேயே சோழவந்தான் வெற்றிலைக் கொடிக்கால்கள். இத்தனை இருந்தும், ஊர்ப் பெயரைச் சொன்னதும் வெளியூர்க்காரர்களுக்கு நினைவில் வருவது மேளம்தான். பக்கத்து அலங்காநல்லூரைச் சேர்ந்த பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். கொட்டும் ஆட்டமும் ஊறிய வட்டாரம் இது. நான் அங்கே போனது ஆட்டம் பார்க்க இல்லை. ஆடுகிறவர்கள் போட்டோ எடுத்துக்கொள்வதைப் பார்க்க.

முன்பெல்லாம் கோயில் கமிட்டிக்காரர்கள் வேறோர் ஊர்த் திருவிழாவில் ஆட்டத்தைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் வெற்றிலை பாக்கோடு அட்வான்ஸ் கொடுப்பார்கள். இப்போது போனில் விசாரிக்கிறவர்கள் முதலில் கேட்பது, "போட்டோ இருந்தா வாட்ஸ்அப்புல போட்டு விடுங்க." அந்தப் படமே பிறகு ஃப்ளெக்ஸில் ஏறுகிறது, நோட்டீஸில் ஏறுகிறது. ஆகவே சீசன் தொடங்குமுன் நல்லதாக ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்வது கரகாட்டக்காரர்களுக்குத் தொழில் செலவில் ஒன்றாகிவிட்டது. மேடை ஒப்பனையோடு, ஜிகினா மின்ன எடுக்கும் முகப்படத்துக்குத்தான் இப்போது மவுசு.

நான் போன ஸ்டுடியோ ஒரு மாடியில் இருந்தது. கல்யாண ஆல்பம், பாஸ்போர்ட் சைஸ், காதுகுத்து வீடியோ என்று ஓடும் கடை. படம் எடுத்துக்கொள்ள வந்திருந்த அக்கா பள்ளிக்கூட வயதிலேயே கரகம் எடுத்தவர். கூட வந்த அவருடைய தங்கை மகள் மதுரையில் பியூட்டிஷியன் கோர்ஸ் முடித்தவள். ஒப்பனை அவள் பொறுப்பு.

பெஞ்சில் ஒரு துண்டை விரித்து அவள் சாமான்களை வரிசையாக வைத்தாள். பேன்கேக், பவுடர், கண்மை, பொய் இமை ஒட்டும் பசை, கற்றாழை ஜெல், சின்னச் சின்ன டப்பாக்களில் பொன்னிறம், வெள்ளி, மயில்நீலத்தில் ஜிகினாத் தூள். "எங்க சின்னாத்தா காலத்துல முத்துவெள்ளையும் அரிதாரமுந்தான். மூஞ்சில போட்டா ரெண்டு நாளைக்கு எரியும்" என்றார் அக்கா. எரியாமல் என்ன செய்யும்? மஞ்சள் அரிதாரம் ஆர்செனிக் கலந்த கனிமம்.

ஜிகினா ஒட்டுவதைப் பக்கத்திலிருந்து பார்த்தால்தான் அதில் உள்ள பொறுமை தெரியும். பவுடர் போட்ட தோலில் தூள் நிற்காது. அதனால் எந்த இடத்தில் மின்ன வேண்டுமோ அந்த இடத்தில் மட்டும் பசையை மெல்லிய பிரஷ்ஷால் இழுத்து, அது முக்கால்வாசி காயும் வரை காத்திருக்கிறாள். விரலால் தொட்டால் ஒட்டவும் வேண்டும், ஈரம் வரவும் கூடாது. அதன்பின் தட்டைப் பிரஷ்ஷில் தூளை எடுத்துத் தடவாமல் அழுத்தி அழுத்தி வைக்கிறாள். தடவினால் துகள்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குவிந்து சொரசொரவென்று ஆகிவிடும். கண்ணுக்குக் கீழே முன்னதாகவே டேப் ஒட்டியிருக்கிறாள். சிந்துகிற தூளெல்லாம் அதில் விழும். கடைசியில் உரித்துவிட்டால் கன்னம் சுத்தம்.

கைவேலைக்கு விற்கிற ஜிகினாவை அவள் முகத்தருகே கொண்டுபோவதில்லை. அதன் துகள் பெரிது, ஓரம் கூர்மை. கண்ணுக்குள் போனால் கருவிழியைக் கீறிவிடும். ஒப்பனைக்கென்று வருவது இன்னும் நுண்ணியது. 0.2 மில்லிமீட்டரும் அதற்குக் கீழுமாக இருக்கும். பாலியெஸ்டர் படலத்தின்மேல் அலுமினியத்தை ஆவியாக்கிப் படியவைத்து, சாயம் ஏற்றி, அறுகோணமாக வெட்டுகிறார்கள். பிளாஸ்டிக் வருமுன் மினுமினுப்புக்குப் பயன்பட்டவற்றில் ஒன்று காக்காப்பொன் என்கிற அப்ரகம். இன்றைய கண் ஒப்பனைப் பொடிகளிலும் அது இருக்கிறது. ஆனால் அது பட்டுப்போல மினுங்கும். ஜிகினாவைப்போல வெட்டிப் பளிச்சிடாது.

வெட்டிப் பளிச்சிடுவதுதான் கேமராக்காரருக்குத் தலைவலி. ஒவ்வொரு துகளும் ஒரு குட்டிக் கண்ணாடி. எந்தக் கோணத்தில் வெளிச்சம் விழுகிறதோ அதே கோணத்தில் எதிர்ப்பக்கம் திருப்பி அனுப்பும். லென்ஸ் அந்த வழியில் இருந்தால் துகள் வெள்ளையாக எரியும். விலகி இருந்தால் சாம்பல் புள்ளியாகத்தான் தெரியும். ஆயிரம் துகள் ஆயிரம் பக்கம் பார்த்துக் கிடக்கின்றன.

ஸ்டுடியோ அண்ணன் கல்யாணப் பெண்களுக்கு வைக்கிற அதே பெரிய சாஃப்ட்பாக்ஸை முன்னால் வைத்து ஆரம்பித்தார். தோல் மாசுமருவில்லாமல் வந்தது. ஜிகினாதான் செத்துப்போய்க் கிடந்தது. அகன்ற வெளிச்சம் எல்லாத் துகளுக்கும் ஒரே அளவாகக் கிடைத்தால் ஒன்றுக்கும் தனிப் பளிச்சு இராது. கேமராவின் பின்திரையை எட்டிப் பார்த்த அக்கா சொன்னார்:

"என்னண்ணே, ட்யூப் லைட்டுல ஆடுன மாதிரி இருக்கு. போகஸ் லைட்டு இல்லையா?"

"போகஸ் போட்டா மூஞ்சி பூரா எண்ணெய் வடிஞ்ச மாதிரி தெரியுமேக்கா."

"நேரா போட்டா அப்பிடித்தேன் இருக்கும். சைடுல, கொஞ்சம் பின்னாடி, ஒசரத்துல இருந்து அடிங்க. அங்கிட்டிருந்து வந்தாத்தேன் கன்னத்து மேல ஏறும்."

அண்ணன் சாஃப்ட்பாக்ஸைத் தூரத் தள்ளி வெளிச்சத்தைக் குறைத்தார். தோலுக்கு அது போதும். இன்னொரு ஃப்ளாஷைக் குடையும் துணியும் இல்லாமல் வெறுமனே, அக்காவின் தோளுக்குப் பின்புறம் பக்கவாட்டில், ஆள் உயரத்துக்கு மேலே நிறுத்தினார். அதன் முகப்பில் மேடை விளக்குகளுக்குப் போடுகிற நீலநிற ஜெலட்டின் தாள். பின்னால் கறுப்பு வெல்வெட். எஃப் 11, ஐஎஸ்ஓ 100, 85 மில்லிமீட்டர் லென்ஸ். திறப்பை இன்னும் அகலமாக்கினால் காதோர ஜிகினாவெல்லாம் உருண்டை உருண்டையாகக் கலங்கிவிடும். சிலர் அதை விரும்பிச் செய்வதும் உண்டு. இங்கே ஒவ்வொரு துகளும் கூராக வேண்டும். ஆட்டோ ஃபோகஸோ கண்ணை விட்டுவிட்டுப் பளிச்சென்று இருக்கிற இமையைப் பிடித்துக்கொண்டது. அதை அணைத்துவிட்டுக் கையால் திருகினார்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நான் பார்க்க வந்தேன் என்று தோன்றியது. அக்கா ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்தபடி, இடுப்பிலிருந்து மேல்பாகத்தை மட்டும் நூலளவு நூலளவாகத் திருப்பினார். கழுத்து ஆடவில்லை. ஓர் இடம் வந்ததும் நின்றார். "இப்ப எடுங்க." கன்னத்து எலும்பின்மேல் பொன்னிறமும் இமைநடுவில் நீலமும் ஒரேசமயம் பற்றிக்கொண்டன. ஃப்ளாஷ் வெடிப்பதற்கு முன்பு அந்த வெளிச்சம் அங்கே இல்லை. இருந்தது மாடலிங் பல்பின் மங்கலான ஒளிதான். ஆனாலும் கன்னத்தில் எங்கே சூடு உறைக்கிறது என்பதை வைத்துக் கண்டுபிடித்துவிடுகிறார்.

"எப்படிக்கா தெரியுது?" என்று கேட்டேன்.

"பெட்ரோமாக்ஸ்ல ஆடியிருக்கேன், ட்யூப் லைட்டுல ஆடியிருக்கேன், இப்ப கண்ணக் கூசற எல்இடி. ஊருக்கு ஊரு லைட்டு மாறும்ல? கடைசியில ஒக்காந்திருக்கவுகளுக்கு நம்ம மூஞ்சி தெரியணும்னா எங்கிட்டுத் திரும்பணும்னு நாமதான பாத்துக்கிறணும்."

ஜிகினாவை எங்கே வைப்பது என்பதையும் அவர்தான் தங்கை மகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். பியூட்டிஷியன் வகுப்பில் கண்ணுக்குக் கீழும் போடச் சொல்வார்களாம். ஆடுகிறவர்களுக்கு அது ஆகாது. வேர்வை இறங்கினால் தூளும் சேர்ந்து இறங்கி வாயோரத்தில் நிற்கும். அதனால் கண்ணுக்கு மேல், கன்னத்து மேடு, நெற்றியோரம், அவ்வளவே.

கலைஞர்களின் முகப்படத்துக்கு மதுரையில் பழைய வரலாறு இருக்கிறது. சங்கரதாஸ் சுவாமிகளின் மரபில் வந்த ஸ்பெஷல் நாடகத்துக்கு இந்த நகரம்தான் தலைமையிடம். நாடக நோட்டீஸில் யார் படம் எங்கே, எந்த அளவில் என்பதில் மரியாதையின் ஏணியே இருக்கிறது. அமெரிக்க மானிடவியலாளர் சூசன் சீஸர் மதுரையில் தங்கி ஆய்ந்து 2005இல் வெளியிட்ட நூலில் இதற்கென்றே ஓர் அத்தியாயம் எழுதியிருக்கிறார். ஜிகினாவும் படமும் சேர்ந்ததும் புதிதில்லை. ரவிவர்மா அச்சுப்படங்களின்மேல் துணியும் சரிகையும் சம்கியும் ஒட்டி அலங்கரித்துக் கண்ணாடி போட்டு மாட்டுவது அந்தக் காலத்துப் பழக்கம். ஆடையில் ஜிகினாவைப் பார்க்க வேண்டுமானால், சித்திரைத் திருவிழாவுக்கு வேடமிடுகிறவர்களின் உடுப்பில் பார்க்கலாம். அவற்றைப் புதுமண்டபத்தில் உட்கார்ந்து தைத்துவந்த தையற்காரர்கள் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறியிருக்கிறார்கள். இதுபோன்ற மினுமினுப்பைத்தான் இன்று இன்ஸ்டாகிராமில் 'கிளிட்டர் போர்ட்ரெய்ட்' என்ற பெயரில் பார்க்கிறோம்.

படம் எடுத்ததோடு வேலை முடிவதில்லை. கல்யாண ஆல்பத்துக்கு வைத்திருக்கும் 'ஸ்கின் ஸ்மூத்' பொத்தானைத் தட்டினால் கம்ப்யூட்டர் ஜிகினாவைப் பருக்கள் என்று நினைத்து வழித்துவிடும். கன்னம், நெற்றி என்று தோலுக்கு மட்டும் தனியாக மாஸ்க் போட்டு, மின்னும் இடங்களை விட்டுவிட்டு அண்ணன் டச்சிங் செய்தார். இதில் இன்னொரு சங்கடம். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருக்கப்படும். நுண்புள்ளிகள் நிறைந்த இடம்தான் முதலில் கூழாகும். டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லிக்கொடுக்கிறார். ஃப்ளெக்ஸ் அச்சுக்கோ படத்தைத் தனியாகக் கூர்மையேற்றித் தருகிறார்.

முழு உருவம் எடுக்கவில்லையா என்று கேட்டதற்கு அக்கா சட்டென்று சொன்னார்: "மூஞ்சி மட்டும் போதும்." ஆட்டத்தைச் செல்போனில் எடுத்து, ஆபாசத் தலைப்பு வைத்து யூடியூபில் ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். எந்த ஊரில் யார் எடுத்தது என்றே தெரியாத வீடியோவுக்கு லட்சக்கணக்கில் பார்வை. ஆடியவருக்குச் சல்லிக்காசு வராது, பெயர் மட்டும் கெடும். பள்ளியில் படிக்கிற அவருடைய பிள்ளையின் கண்ணில் அது படும். தானே காசு கொடுத்து, தானே வெளிச்சத்தைத் தேர்ந்து, முகத்தை மட்டும் எடுத்துக்கொள்கிற இந்தப் படம் அக்காவுக்கு விளம்பரம் மட்டுமில்லை. தன்னை எப்படிப் பார்க்க வேண்டும் என்று ஊருக்கு அவர் சொல்லும் இடமும் இதுதான்.

ஒப்பனையைக் கலைக்கத் தேங்காய் எண்ணெயும் பஞ்சும். முதலில் டேப்பால் ஒற்றி எடுத்துவிட்டுத்தான் எண்ணெய். கையில் ஒட்டியதைக் குழாயடியில் கழுவக் கூடாது என்கிறாள் தங்கை மகள். எடுத்த டேப்பையும் பஞ்சையும் ஒரு பையில் போட்டு முடிந்தாள். தூள் பிளாஸ்டிக் என்பதால் தண்ணீரில் கரையாது. இந்தக் காரணத்தால்தான் ஐரோப்பிய ஒன்றியம் 2023 அக்டோபரில் உதிரிப் பிளாஸ்டிக் ஜிகினா விற்பனையைக் கட்டுப்படுத்தியது; முக ஒப்பனைப் பொருட்களுக்கு 2035 வரை அவகாசம் கொடுத்திருக்கிறது. மரக்கூழிலிருந்து செய்யும் மாற்றுத் தூள் வருகிறது. விலைதான் எட்டவில்லை என்றாள்.

கடைசியில் படம் தேர்ந்தெடுக்கும் நேரம். அண்ணன் பெருமையாக முன்னால் வைத்தது, நாடியைச் சாய்த்து ஒரு தோளைத் தூக்கி, நீலமாக ஒளி விழுந்த படம். போட்டிக்கு அனுப்பினால் பரிசு வாங்கும். எனக்கும் அதுதான் பிடித்தது. அக்கா ஒரே பார்வையில் ஒதுக்கிவிட்டார்.

"கழுத்து சாஞ்சிருக்குண்ணே. கரகம் எடுக்கறவ கழுத்து சாயலாமா? வெவரம் தெரிஞ்சவுக பாத்தா, இவளுக்குச் செம்பு நிக்காதுன்டு சொல்லிப்புடுவாக."

இடுப்பைத் திருப்பி, கழுத்தை நேராக வைத்து அவர் எடுக்கச் சொன்ன படமே ஃப்ளெக்ஸுக்குப் போகிறது. அதன் மூலையில் ஸ்டுடியோ பெயர் இருக்கும், அது முறைதான். வெளிச்சம் அமைத்தவர் யார், ஒப்பனை செய்தவர் யார் என்று யாரும் போடுவதில்லை. போடுகிற வழக்கம் வந்தால், இந்தப் படத்தில் முதல் பெயராக வரவேண்டியவர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவர்தான்.