யூனிட் வந்தால்தான் முதல் பீரியட்

இறைவணக்கக் கூட்டம் முடிந்து கால் மணி நேரம் ஆகியும் கேட்டின் சின்னக் கதவைச் சாத்தவில்லை. அதை ஒட்டி ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டுத் தலைமையாசிரியை உட்கார்ந்திருந்தார். கையில் பிரம்பு இல்லை. ஒரு நாற்பது பக்க நோட்டு இருந்தது.

"திருவாலங்காடு பக்கமிருந்து வர்ற பசங்க இன்னும் வரல. யூனிட் லேட்டு. வந்துடட்டும்."

அரக்கோணத்தில் மின்சார ரயிலை யாரும் மின்சார ரயில் என்று சொல்வதில்லை, யூனிட்தான். அது தாமதமானால் முதல் பீரியடில் பத்துப் பன்னிரண்டு பெஞ்சுகளில் ஓட்டை விழும். அந்த நேரத்தில் கல்வித் துறையின் எமிஸ் செயலியில் வருகையைப் போட்டால் பிள்ளைகள் 'வரவில்லை' என்று ஏறிவிடும். போடாவிட்டால் மேலிடத்திலிருந்து ஆசிரியருக்குப் போன் வரும். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளாமல் இருக்கத்தான் அந்த நாற்காலி. கொஞ்ச நேரத்தில் தோளில் பையும் கையில் தண்ணீர் பாட்டிலுமாக ஓட்டமும் நடையுமாய் அவர்கள் வந்தார்கள். ஒவ்வொரு பெயரையும் டிக் அடித்த பிறகே அவர் எழுந்தார்.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை. காலாண்டுத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. ஆறு முதல் பன்னிரண்டு வரை உள்ள அரசு மேல்நிலைப்பள்ளி. பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். துறையில் அனுமதி, விளக்கம் என்று இழுக்குமாம். பெயரால் ஆகப்போவதும் ஒன்றுமில்லை. இந்த வட்டாரத்தில் எந்த அரசுப் பள்ளிக்குப் போனாலும் இதில் பாதியையாவது பார்க்கலாம்.

ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடியது இந்த வழியாகத்தான். இன்று மேற்கே பெங்களூரு, வடக்கே திருத்தணி, ரேணிகுண்டா வழியாக மும்பை, தெற்கே தக்கோலம், காஞ்சிபுரம் வழியாகச் செங்கல்பட்டு என்று மூன்று பக்கமும் பாதை பிரிகிறது. பிள்ளைகளின் அப்பா அம்மாக்கள் ரயில்வே ஒப்பந்த வேலை, இச்சிபுத்தூர் டயர் கம்பெனி, குருவராஜப்பேட்டைத் தறி, கழனி வேலை என்று சிதறிக் கிடக்கிறார்கள். முன்பு வேலூர் மாவட்டம், 2019 முதல் ராணிப்பேட்டை மாவட்டம். வடக்கே கொஞ்ச தூரம் போனால் ஆந்திரா.

தலைமையாசிரியை அறைக்கு வெளியே சாதனைப் பலகை. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சி விகிதம், பள்ளி அளவில் முதல் மூன்று மதிப்பெண்கள். மாநில ரேங்க் அறிவிப்பதை அரசு 2017-லேயே நிறுத்திவிட்டது. பள்ளிச் சுவரில் ரேங்க் நிற்கவில்லை. "பேரண்ட்ஸ் முதல்ல இதைத்தான் பாக்குறாங்க, எடுத்துட்டா சேர்க்கை குறையும்" என்றார் உதவித் தலைமையாசிரியர். அதற்குக் கீழே இந்தப் பருவத்துக்கென்று சாக்பீஸில் எழுதியிருந்தார்கள்: கோ-கோ, பதினேழு வயதுக்குட்பட்ட மாணவியர், குறுவட்டத்தில் முதலிடம். கலைத் திருவிழா, பள்ளி அளவில் முடிந்தது. என்.எம்.எம்.எஸ். சிறப்பு வகுப்பு, தினமும் மாலை.

மூன்றாவது வரி பலகையில் சின்னதாக இருந்தாலும் வீட்டில் பெரியது. எட்டாம் வகுப்பில் அந்த உதவித்தொகைத் தேர்வில் தேர்வாகும் பிள்ளைக்கு ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும். மாதம் ஆயிரம். தறிக் கூலி வீட்டில் அந்த ஆயிரம் இருந்தால், பையனைப் பத்தாவதோடு நிறுத்தும் பேச்சு நாலு வருஷத்துக்குத் தள்ளிப்போகும்.

மைதானத்துக்குப் போனேன். உடற்கல்வி ஆசிரியர் சுண்ணாம்புக் கோட்டைப் புதுப்பித்துக்கொண்டிருந்தார். கோ-கோ கம்பங்கள் இரண்டும் சவுக்கு. வாங்கியதல்ல, யாரோ வீடு கட்டி முடித்துச் சாரம் பிரித்தபோது கேட்டு வாங்கி வந்து அளவுக்கு அறுத்து நட்டவை. திரும்பும்போது பிள்ளைகள் கை பிடிக்கும் இடத்தில் மட்டும் பட்டை போய், எண்ணெய் தடவியதுபோல் வழவழவென்று இருந்தது. கீழ்ப்பாதி சொரசொரப்பு அப்படியே. எத்தனை நாள் பயிற்சி என்று நான் கேட்கவில்லை.

"கோ-கோவுக்கு ஒன்னும் வேணாம் சார். பந்து வேணாம், பேட் வேணாம். அதனாலதான் நம்ம பசங்க ஜெயிக்கிறாங்க" என்றார் அவர். அடுத்து, "ஆனா ஷூ வேணும்" என்றார். குறுவட்டத்தில் வெறுங்காலோடு ஓடி ஜெயித்த அணி மாவட்டப் போட்டியில் காலிறுதியில் தோற்றது. அங்கே போட்டி நடந்த மைதானத்தில் சரளைக் கல். மூன்று பேருக்கு உள்ளங்கால் கிழிந்துவிட்டது. அந்தத் தோல்வி பலகையில் இல்லை. அவர் அதைச் சொன்ன விதத்தைப் பார்த்தால், பருவம் முழுக்க அவர் நெஞ்சில் இருப்பது அந்தக் காலிறுதி மட்டுமே என்று பட்டது. அணியில் பாதிப் பேர் பத்தாம் வகுப்பு. போட்டிக்குப் போன நாட்களில் நடந்த கணக்குப் பாடத்தை இவரே கணக்கு ஆசிரியரிடம் கெஞ்சி, மதிய இடைவேளையில் சொல்லித் தர ஏற்பாடு செய்திருக்கிறார்.

பதினொரு மணிக்கு மணி அடித்தது. பீரியட் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். எல்லாப் பிள்ளைகளும் உட்கார்ந்த இடத்திலேயே பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தார்கள். வாட்டர் பெல். இது வந்த பிறகு தலைவலி என்று வருபவர்கள் குறைந்திருக்கிறார்கள் என்றார் ஓர் ஆசிரியை. ஆனால் கழிப்பறை வரிசை நீண்டுவிட்டதாம். உத்தரவு போடுகிறவர்கள் அதையும் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

ஒன்பதாம் வகுப்பில் தமிழ்ப் பாடம். கடைசி பெஞ்சில் இடம் கொடுத்தார்கள். ஆசிரியை ஒரு வாக்கியத்தின் நடுவில் சட்டென்று நிறுத்திக் கையைக் கட்டிக்கொண்டார். பிள்ளைகளும் பேசவில்லை. கடற்படையின் ராஜாளி விமானத் தளத்திலிருந்து கிளம்பிய விமானம் ஒன்று கூரைக்கு மேலே கடந்துபோனது. ஜன்னல் கம்பி அதிர்ந்தது. சத்தம் அடங்கியதும் விட்ட சொல்லிலிருந்து தொடர்ந்தார். 1992-ல் கடற்படை இங்கே விமானத் தளம் திறந்த பிறகு பிறந்தவர்கள் இந்தப் பிள்ளைகள் எல்லோரும், ஏன், ஆசிரியர்களில் சிலரும்கூட. இந்த இடைவெளி அவர்களுக்குப் பழகிப்போனது. எனக்குத்தான் ஒவ்வொரு முறையும் கழுத்து மேலே போனது.

அந்த வகுப்பில் நாலில் ஒருவராவது வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள் என்றார் ஆசிரியை. வடக்கே திருத்தணி 1960-ல்தான் ஆந்திராவிலிருந்து இந்தப் பக்கம் வந்தது. கோடு மாறியதே தவிர, கோட்டின் இரு பக்கமும் பெண் கொடுத்து எடுப்பது மாறவில்லை. "ல, ள, ழ மூணும் இவங்களுக்குத் தகராறு. ஆனா மனப்பாடப் பகுதியை ராகத்தோட சொல்றதுல இவங்களை அடிச்சுக்க ஆளில்ல" என்று சிரித்தார்.

இந்த வகுப்பில்தான் அந்தப் பையனைப் பார்த்தேன். கலைத் திருவிழாவில் தெருக்கூத்துக் கட்டியங்காரன் வேடம் கட்டியவன். 2022-ல் இந்தத் திருவிழாவை அரசு தொடங்கியபோது, பரதமும் மேற்கத்திய நடனமும் பயிற்சி வகுப்புக்குப் போகும் பிள்ளைகளுக்கே பரிசு வாங்கித் தரும் என்றுதான் நினைத்திருந்தேன். வட ஆற்காட்டில் கணக்கு வேறு. இங்கே ஊருக்கு ஊர் பாரதம் நடக்கும், துரியோதனன் படுகளம் விழும், விடிய விடியக் கூத்து நடக்கும். இவனுடைய தாத்தா கூத்து ஜமாவில் மத்தளக்காரர்.

மதிய இடைவேளையில் வராந்தாவில் நடித்துக் காட்டச் சொன்னார்கள். கொஞ்சம் வெட்கப்பட்டான். பிறகு துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டினான். ஆள் மாறிவிட்டான். திரைக்குப் பின்னால் இருக்கும் ராஜாவை வெளியே கூப்பிடும் இடம். கூப்பிட்டுவிட்டு, அவர் வர ஏன் தாமதம் என்பதற்கு இவனே ஒரு காரணம் சொன்னான்: ராஜா யூனிட்டில் வருகிறாராம், புளியமங்கலத்தில் சிக்னல் விழவில்லையாம். வராந்தா முழுக்கச் சிரிப்பு. அந்த வரி யார் எழுதிக் கொடுத்தது என்று கேட்டேன். "யாரும் இல்ல சார். ஊருக்கு ஊர் மாத்திக்கணும்னு தாத்தா சொல்லிக்கிறாரு."

போட்டியில் அவனுக்குத் தந்த நேரம் ஐந்து நிமிடம். ராத்திரி பத்து மணிக்குத் தொடங்கி விடிகாலையில் முடியும் ஒன்றை ஐந்து நிமிடத்தில் அடக்கியதற்கே தனிப் பரிசு கொடுக்கலாம். நடுவர்களுக்கும் அதே எண்ணம் இருந்திருக்க வேண்டும், முதலிடம் கொடுத்துவிட்டார்கள். அடுத்தது வட்டார அளவில்.

வகுப்பாசிரியர் வருகைப் பதிவேட்டை எடுத்து இவன் வரிசையைக் காட்டினார். ஜூன், ஜூலை மாதங்களில் பாதிக் கட்டங்கள் சிவப்பு. ஆடி முடியும்வரை பாரதக் கூத்து சீசன். தாத்தாவோடு போனால் விடியற்காலை திரும்பி வந்து தூங்கிவிடுவான். இரண்டு முறை வீட்டுக்கே போய்ப் பேசியிருக்கிறார்கள். "என்ன பண்றது சார், இவன் எங்க போய் கெட்டானோ அங்கதான் இதைக் கத்துக்கினு வந்தான்" என்றார் வகுப்பாசிரியர். கலைத் திருவிழாவில் வாங்கிய பரிசும் பதிவேட்டில் சிவப்பில் விழுந்த நாட்களும் ஒரே ராத்திரிகளிலிருந்து வந்தவை. இதை எந்தச் செயலியில் எந்தக் கட்டத்தில் போடுவது? பள்ளி ஒரு நடுவழி பிடித்திருக்கிறது: வெள்ளி, சனி இரவுகளில் மட்டும் கூத்துக்குப் போகலாம், திங்கள் காலை கட்டாயம் வரவேண்டும். தாத்தா ஒத்துக்கொண்டிருக்கிறார். அடுத்த ஆண்டு கூத்து சீசனில் பார்க்க வேண்டும்.

சத்துணவுக் கூடத்தில் கறிவேப்பிலை சாதம், முட்டை, உருளைக்கிழங்கு வறுவல். உரித்த முட்டைகள் பெரிய அலுமினிய அன்னக்கூடையில் மசாலாவில் புரண்டுகொண்டிருந்தன. ஒவ்வொன்றிலும் கத்தியால் நாலு கீறல். "கீறாம போட்டா உள்ள உப்பு இறங்காது, பசங்க வெள்ளைய வச்சுட்டுப் போயிடுவாங்க" என்றார் சமையலர். வரிசையில் வந்த ஒவ்வொரு தட்டிலும் வைத்துக்கொண்டே, "நேத்து ஏன் வரல?" என்று ஒரு பெண்ணைக் கேட்டார். வருகைப் பதிவேடு இங்கேயும் ஒன்று ஓடுகிறது, தாள் இல்லாமல்.

சத்துணவு பத்தாம் வகுப்பு வரைதான். காலை உணவுத் திட்டம் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு. ஆக, ஏழு மணி யூனிட்டைப் பிடிக்க வெறும் டீயோடு கிளம்பும் பிளஸ் டூ பெண்ணுக்குக் காலையிலும் இல்லை, மதியமும் இல்லை. காலைக் கூட்டத்தில் மயங்கி விழுவது பெரும்பாலும் பெரிய பிள்ளைகள்தான் என்று தலைமையாசிரியை சொன்னபோது முதலில் புரியவில்லை. இங்கே வந்த பிறகு புரிந்தது. அவருடைய மேசை இழுப்பறையில் எப்போதும் இரண்டு பாக்கெட் பிஸ்கட் இருக்கிறது. 2025-26 கல்வியாண்டிலிருந்து பதினொன்றாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு இல்லை. பிளஸ் ஒன் பிள்ளைகள் கொஞ்சம் மூச்சு விடுகிறார்கள் என்று சில ஆசிரியர்களும், புத்தகத்தையே மூடிவிட்டார்கள் என்று சிலரும் சொன்னார்கள். ஆசிரியர் அறையில் அந்த விவாதம் நான் சாப்பிட்டு முடிக்கும்வரை முடியவில்லை.

மூன்று மணிக்குப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம். கல்வி உரிமைச் சட்டப்படி முக்கால்வாசிப் பேர் பெற்றோராகவும் பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். அன்று வந்திருந்தவர்களில் ஆண்கள் நாலு பேர்தான். தலைவி தறி நெய்கிற பெண். விரல் நுனிகளில் சாயம். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருக்கிறார். முந்தைய கூட்டத்தின் தீர்மானங்களை ஆசிரியர் படிக்கப் படிக்க, ஒவ்வொன்றுக்கும் "ஆச்சா, ஆவலியா?" என்று கேட்டார். சுற்றுச்சுவர், மனு போயிருக்கிறது. மாணவியர் கழிப்பறைக்குத் தண்ணீர்த் தொட்டி, ஆயிற்று. கோ-கோ அணிக்கு ஷூ, முன்னாள் மாணவர் ஒருவர் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

"சொல்லிக்கிறாரு இல்ல, குடுத்தாரா?"

"இன்னும் இல்லம்மா."

"அப்ப ஆவலைன்னு எழுது சார்."

இடைநிற்றல் பட்டியல் வந்தது. இரண்டு பெயர்கள். ஒருவன் லாரி ஷெட்டில் வேலைக்குப் போய்விட்ட பத்தாம் வகுப்புப் பையன். ஆடிக் கிருத்திகைக்குக் காவடியோடு திருத்தணி மலை ஏறப்போவதாகச் சொல்லி லீவு போட்டவன், திரும்பவில்லை. ஆசிரியர்கள் போனில் கூப்பிட்டிருக்கிறார்கள், எடுக்கவில்லை. தலைவி, "போன் எடுக்கமாட்டாங்க. கடன்காரன்னு நெனச்சிப்பாங்க" என்றார். ஞாயிற்றுக்கிழமை தானும் அதே தெருவில் இருக்கும் இன்னொரு உறுப்பினரும் நேரில் போவதென்று முடிவாயிற்று. டீச்சரைக் கூட்டிப்போனால் அம்மா பயந்துவிடுவாள், நாங்கள் மட்டும் போகிறோம் என்றார்கள். இன்னொரு பெயர் ஒரு பெண். உறவில் மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்று பேச்சு. அதைப் பற்றிச் சத்தமாகப் பேசவில்லை. தலைமையாசிரியை குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ நோட்டின் ஓரத்தில் எழுதி அடிக்கோடு போட்டதைப் பார்த்தேன்.

கடைசிப் பொருள் ஆசிரியர் தின விழா. திருத்தணியில் பிறந்து, திருப்பதி, வாலாஜாபேட்டை, வேலூர் என்று இந்த ஜங்ஷனைச் சுற்றியுள்ள ஊர்களில் படித்து வளர்ந்தவர் ராதாகிருஷ்ணன். அதனால் இங்கே அந்த விழாவைச் சொந்த வீட்டு விசேஷமாகவே நடத்துகிறார்கள். கேசரி யார் செலவு என்பதில் ஐந்து நிமிடம் போயிற்று.

எல்லோரும் தீர்மானப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார்கள். தலைவி என்னிடம் வந்தார். என்ன எழுதப் போகிறேன் என்று கேட்டார். சொன்னேன். கோ-கோ, கூத்து எல்லாம் சரி என்பதுபோலத் தலையாட்டிவிட்டு, "சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ் முடிஞ்சு புள்ளைங்க வெளிய வரச்சொல்ல எங்க ஊரு பக்கம் போற பஸ்ஸு கெளம்பிப் போயிடுது. அடுத்தது இருட்டுனப்புறம்தான். அதுக்குப் பயந்தே பொம்பளப் புள்ளைங்கள அந்த கிளாஸுக்கு விடமாட்டேன்றாங்க. அத்த மொதல்ல எழுதுங்க சார்" என்றார். எந்தப் பஸ், எத்தனை மணி என்று கேட்டேன். நேரத்தைச் சொல்லிவிட்டு, நான் சரியாகக் குறித்துக்கொண்டேனா என்று நோட்டை வாங்கிப் பார்த்தார்.